அத்தியாயம் 7: குப்பைக் காசில் கல்லூரிப் படிப்பு

"வீட்டுக்கு வீடு குப்பைக் கட்டணம் வாங்குறோம். அதில் கொஞ்சம் எடுத்து, சுற்றுச்சூழல் படிக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுக்கலாமா?" பயிற்சி வகுப்புகளில் ஊராட்சிக்காரர்கள் அடிக்கடி கேட்பது இது. நல்ல எண்ணம்தான். ஆனால் முதல் பதில்: கட்டணத்தில் கைவைக்காதீர்கள். குப்பையை விற்று வரும் காசில், அதுவும் அதன் ஒரு பகுதியில் மட்டும் கைவையுங்கள். இரண்டும் ஒரே பணம்தானே என்று தோன்றும். இல்லை என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

கழிவை உண்டாக்குபவர் உள்ளாட்சி நிர்ணயிக்கும் பயனர் கட்டணத்தைச் செலுத்த வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. கேட்பதற்குப் பெரிய வருமானம் போல இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,500 வீடுகள் உள்ள ஊராட்சி, வீட்டுக்கு மாதம் 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீடு விடாமல் கட்டினால் ஆண்டுக்கு 5,40,000 ரூபாய். 150 வீட்டுக்கு ஒரு தூய்மைக் காவலர் என்றால் பத்துப் பேர் வேண்டும். ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய் என்றாலே ஆண்டுக்கு 6,00,000. வண்டிக்குப் பேட்டரி மாற்றுவது, கையுறை, குப்பை பிரிக்கும் கொட்டகைக்குத் தகரம் எதையும் இதில் சேர்க்கவில்லை. அந்த ஊதியம் அரசின் வேறு நிதியிலிருந்து வருகிறது என்பதால் கட்டணப் பணம் ஏட்டில் மிஞ்சியதுபோலத் தெரியலாம். உண்மையில் அது மிச்சமில்லை. ஒரு வீடு விடாமல் கட்டணம் கட்டும் ஊரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

அடுத்தது சட்டம். வரி வேறு, கட்டணம் வேறு. வரியை எந்தப் பொதுச் செலவுக்கும் எடுக்கலாம். கட்டணமோ குறிப்பிட்ட ஒரு சேவைக்காக வாங்குவது. இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1954இல் விரிவாக எடுத்துச் சொன்ன வழக்கு சென்னை மாநிலத்திலிருந்து போனதுதான்: இந்து சமய அறநிலைய ஆணையருக்கும் ஷிரூர் மடத்துக்கும் நடந்த வழக்கு. கட்டணம் என்று பெயர் வைத்து வாங்கிவிட்டுப் பொதுக் கருவூலத்தில் கலந்து செலவிட்டால் அது கட்டணமாகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். கொடுத்த காசுக்கும் கிடைத்த சேவைக்கும் பைசா சுத்தமாகப் பொருத்தம் இருக்க வேண்டியதில்லை என்று பிற்காலத் தீர்ப்புகள் தளர்த்தியிருக்கின்றன. இருந்தாலும், குப்பை அள்ள வாங்கிய பணத்தில் கல்லூரிக் கட்டணம் கட்டினால் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் தடை எழுதுவார்கள். அந்தத் தடைக்குப் பதில் எழுதுவதிலேயே ஊராட்சிச் செயலருக்கு ஒரு வருடம் போய்விடும்.

தணிக்கையைவிடக் கடினமானது தெரு. கட்டணம் வாங்கப் போகிற மகளிர் குழுப் பெண்ணிடம் வாசலில் நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

"ஏம்மா, வீட்டு வரி கட்டுறோம், தண்ணி வரி கட்டுறோம். குப்பைக்கு வேற தனியா காசா?"

"வண்டி தினம் உங்க வாசலுக்கு வருதுல்லண்ணே, அதுக்குத்தான்."

"அப்ப, யாரோ பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுறதா ஊராட்சி ஆபீஸ்ல போர்டு வெச்சிருக்கீங்களே, அது எந்தக் காசு?"

இந்தக் கேள்விக்கு அந்தப் பெண்ணிடம் பதில் இல்லை. அடுத்த மாதம் அந்தத் தெருவில் நான்கு வீடு கட்டணத்தை நிறுத்தும். சென்னை மாநகராட்சியே 2021 தொடக்கம் முதல் குப்பைக் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுத்திவைத்தது. ஒரு சிற்றூராட்சிக்கு அந்தச் சோதனை வேண்டாம்.

கட்டணம் ஒழுங்காக வசூலாகும் இடங்களைப் பார்த்தால் இன்னொன்று புரியும். கேரளத்தின் ஊராட்சிகளில் வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதம் 50 ரூபாய் வாங்குகிறார்கள். அதுதான் அவர்களுடைய முக்கிய வருமானம். புனே நகரின் 'ஸ்வச்' கூட்டுறவில் வீட்டுக்காரர் கட்டணத்தைக் குப்பை சேகரிப்பவர் கையிலேயே கொடுக்கிறார். விற்கக்கூடிய பொருளும் அவருக்கே. வேலை செய்பவர் கைக்குப் பணம் போவது கண்ணுக்குத் தெரிவதால் மக்கள் கொடுக்கிறார்கள். ஆகவே கட்டணத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

அபராதத்தையும் விட்டுவிடுங்கள். பொது இடத்தில் குப்பை கொட்டியவரிடம் வாங்கும் அபராதத்தில் பிள்ளையைப் படிக்கவைத்தால், ஊர் திருந்தத் திருந்தப் பிள்ளையின் படிப்பு நின்றுபோகும்.

கைவைக்கக்கூடிய பணம் எது?

கொட்டகைக்குப் போவோம். காலை பதினொரு மணிக்கு வண்டிகள் திரும்பிவிடும். ஈரக் குப்பை நுண் உரக் கூடத்துத் தொட்டிக்குப் போகிறது. உலர் குப்பை ஒரு குவியலாகக் கிடக்கிறது: அட்டை, செய்தித்தாள், பெட் பாட்டில், பால் கவர், எண்ணெய் டின், உடைந்த பிளாஸ்டிக் குடம், பிஸ்கட் உறை, கண்ணாடி பாட்டில். இதை அப்படியே கோணியில் அடைத்துக் காயலான் கடைக்குப் போட்டால் கடைக்காரர் 'கலப்பு மால்' என்று ஒரே விலை போடுவார். எந்தப் பொருள் மட்டமோ அதன் விலைக்கு ஒட்டித்தான் அது இருக்கும். அதே குவியலில் பால் கவரைத் தனியே எடுத்து, அலசிக் கொடியில் காயப்போட்டுக் கட்டினால் விலை வேறு. பாட்டிலின் மூடியைக் கழற்றி, மேலே சுற்றிய உறையைக் கிழித்து, மிதித்துத் தட்டையாக்கினால் அதற்கும் வேறு விலை. ஒரு கோணியில் இரண்டு மடங்கு பிடிக்கும் என்பதால் வண்டி வாடகையும் மிச்சம். அட்டையை மழையில் நனையவிட்டால் கடைக்காரர் ஈர எடை என்று கிலோவுக்கு இவ்வளவு கழிப்பார். அவர் கழிக்கும் அளவு எப்போதும் அவருக்குச் சாதகமாகத்தான் இருக்கும். ஆகவே உங்கள் கொட்டகையில் உங்கள் தராசு இருக்கட்டும். எடையைப் போட்டு நோட்டில் எழுதி, பிறகு கடைக்கு அனுப்புங்கள்.

பிஸ்கட், சிப்ஸ் உறைகளை வாங்க ஆளில்லை. அவற்றை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும் அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகளுக்கு உள்ளாட்சிகள் அனுப்புகின்றன. இதில் வருமானம் பார்க்க முடியாது. குப்பை ஊரை விட்டுப் போகிறது என்பதுதான் லாபம். பிளாஸ்டிக்கைத் துகளாக்கும் இயந்திரம் உங்கள் ஒன்றியத்தில் இருந்தால் விசாரியுங்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டறிந்த முறையில், அந்தத் துகளைச் சூடான ஜல்லியின் மேல் உருகிப் படியவிட்டு, பிறகு தார் கலந்து கிராமச் சாலைகள் போடுகிறார்கள். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது அதற்காகத்தான். உரம் விற்று வரும் பணம் சிறியது. அதைக் கொட்டகைச் செலவுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. பல ஊர்களில் உலர் குப்பை விற்ற காசைத் தூய்மைக் காவலர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். சொற்ப ஊதியத்துக்கு மேல் அவர்கள் கையில் புரளும் பணம் அது ஒன்றுதான். "இனிமேல் இது மாணவர் நிதி" என்று தீர்மானம் போட்டால், ஊரிலேயே ஏழையான பத்துப் பேரிடமிருந்து பிடுங்கி இன்னொரு ஏழைக்குக் கொடுத்து, மேடையில் நீங்கள் மாலை போட்டுக்கொள்கிறீர்கள் என்று பொருள். அவர்கள் இன்று வாங்கும் தொகை ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது. நன்றாகப் பிரித்ததால் கூடுதலாக வந்த பணத்தில்தான் உதவித்தொகை. அந்தக் கூடுதலிலும் பிரித்த கைகளுக்குப் பங்கு உண்டு.

மேலே சொன்ன 1,500 வீட்டு ஊராட்சியையே எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு மாதம் 2 கிலோ விற்கக்கூடிய பொருள் வருகிறது என்று வைத்தால் 3,000 கிலோ. கலப்பாகக் கிலோ 5 ரூபாய்க்குப் போனால் மாதம் 15,000, ஆண்டுக்கு 1,80,000. பிரித்துச் சராசரி 8 ரூபாய்க்குப் போனால் ஆண்டுக்கு 2,88,000. கூடுதல் 1,08,000. இதில் மூன்றில் ஒரு பங்கு, 36,000 ரூபாய், காவலர்களுக்கு. மீதி 72,000இல் கோணி, கயிறு, வண்டி வாடகைக்கு 22,000 போகட்டும். கையில் நிற்பது 50,000. ஆளுக்கு 20,000 வீதம் இரண்டு மாணவர்கள், 10,000 இருப்பு. இந்த எண்களை அப்படியே நம்பாதீர்கள். மூன்று மாதம் எடை போட்டு, உங்கள் நோட்டிலிருக்கும் எண்ணையும் உங்கள் ஊர்க் கடை விலையையும் போட்டுக்கொள்ளுங்கள்.

"இரண்டே பேரா?" என்று கேட்பார்கள். ஆம், இரண்டே பேர். பத்துப் பேருக்கு ஐயாயிரம் என்று பிரித்தால் படம் நன்றாக வரும். ஒருவருடைய விடுதிச் சாப்பாட்டுக் கட்டணத்தைக்கூட அது அடைக்காது. பக்கத்தில் ஆலை இருந்தால் போய்க் கேளுங்கள். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின்படி சமூகப் பொறுப்பு நிதி செலவிட வேண்டிய நிறுவனங்களுக்குக் கல்வியும் சுற்றுச்சூழலும் அனுமதிக்கப்பட்ட இனங்கள். ஊர் போட்ட ரூபாய்க்கு ஈடாக ஒரு ரூபாய் தாருங்கள் என்று எடை நோட்டோடு போனால், வெறுங்கையோடு போவதைவிட மரியாதை கிடைக்கும்.

விலை சரிந்தால் என்ன செய்வது?

குப்பையை நம்பி நிற்கும் எந்த நிதிக்கும் பிறவிக் கோளாறு ஒன்று உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குப்பை நிரப்பிடம் அமைந்த ஊருக்கு டன்னுக்குக் குறைந்தது ஒரு டாலர் தர வேண்டும் என்றது. அந்தப் பணத்தைப் பார்த்துப் பழகிய ஊர், குப்பை குறைந்தாலோ நிரப்பிடம் மூடினாலோ தவிக்கத்தானே செய்யும்? பிரிட்டனில் 1996இல் வந்த நிரப்பிட வரியிலும் இதே கதை. நிரப்பிடம் நடத்துவோர் வரியின் ஒரு பகுதியை அந்தச் சுற்றுவட்டாரத்துச் சமூக, சுற்றுச்சூழல் பணிகளுக்குக் கொடுக்கலாம் என்று வழி வைத்தார்கள். குப்பையைக் குறைப்பது வரியின் நோக்கம். அது நிறைவேற நிறைவேறப் பணிகளுக்கான பணம் சுருங்கும்.

நம் ஊரில் இது வேறு உருவில் வரும். கச்சா எண்ணெய் விலை இறங்கினால் புதுப் பிளாஸ்டிக் மலிவாகும், பழைய பிளாஸ்டிக்கைக் கேட்க ஆளிருக்காது. அதனால் ஓர் எளிய விதி வையுங்கள்: இந்த ஆண்டு சேர்ந்த பணத்தை அடுத்த ஆண்டுதான் செலவிட வேண்டும். ஒரு மாணவரை எடுத்தால் அவர் படிப்பு முடியும்வரை கொடுக்க வேண்டும். மூன்றாண்டுப் படிப்பென்றால், பாதித் தொகையாவது வங்கியில் வைப்பாக இருக்கும்போதே புது ஆளை எடுங்கள். முதல் ஆண்டு யாருக்கும் கொடுக்காமல் சேர்த்துவைப்பது ஊருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

அசாமில் குவாஹாத்தி அருகே பமோஹியில் 2016இல் தொடங்கிய அக்ஷர் பள்ளி, பிள்ளைகளிடம் கட்டணத்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக்கை வாங்கிக்கொள்கிறது என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். வீடுகளில் பிளாஸ்டிக்கை எரிக்கும் பழக்கத்தை நிறுத்த அங்கே கண்ட வழி அது. அதைப் பார்த்து உங்கள் ஊர் மாணவர்களிடம் "உதவித்தொகை வேண்டுமா, குப்பை கொண்டு வா" என்று சொல்லிவிடாதீர்கள். யார் பிள்ளையைக் குப்பை அள்ளச் சொல்கிறோம் என்பதில் நம் ஊர்களில் சாதி இருக்கிறது.

பணம் யார் கணக்கில்?

ஊராட்சிப் பொது நிதிக் கணக்கில் வேண்டாம். தலைவர் மாறுவார். பதவிக்காலம் முடிந்து தேர்தல் நடக்காவிட்டால் தனி அலுவலர் வருவார். அவருக்கு இந்த நிதியின் கதை தெரியாது. தனியே சங்கம் பதிவு செய்யலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 இருக்கிறது. ஆனால் ஆண்டுதோறும் பொதுக்குழு, படிவம், கட்டணம் என்று ஐம்பதாயிரம் ரூபாய் நிதிக்கு அது அதிகச் சுமை. என் பரிந்துரை, மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு. ஏற்கெனவே வங்கிக் கணக்கு, தணிக்கை, மாதக் கூட்டம் எல்லாம் அங்கே இருக்கின்றன. அவர்கள் பெயரில் தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று திறந்து, மூன்று பேர் கையொப்பத்தில் வையுங்கள்: கூட்டமைப்பின் செயலர், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர், தூய்மைக் காவலர்கள் தேர்ந்தெடுத்த ஒருவர். மூன்றாவது ஆள் கட்டாயம்.

தீர்மானத்தைக் கிராம சபையில் வையுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறது. மே 1 கூட்டம் பொருத்தம். பிளஸ் டூ முடிவும் கல்லூரிச் சேர்க்கையும் அதை ஒட்டியே வரும். வாசகத்தை முன்கூட்டியே வட்டார வளர்ச்சி அலுவலரிடம் காட்டிவிடுங்கள். மாதிரி:

"இவ்வூராட்சியில் உலர் கழிவு விற்பனைத் தொகையில், தூய்மைக் காவலர்கள் சென்ற நிதியாண்டில் பெற்ற தொகையைக் குறைவின்றி அவர்களுக்கே வழங்கவும், அதற்கு மேல் வரும் தொகையில் மூன்றில் ஒரு பங்கை அவர்களுக்குக் கூடுதலாக வழங்கவும், எஞ்சியதில் செலவு போக மீதியை ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் தனி வங்கிக் கணக்கில் வைத்துச் சுற்றுச்சூழல் சார்ந்த படிப்பு பயிலும் மாணவர்களுக்கு உதவித்தொகையாக வழங்கவும் இச்சபை ஒப்புதல் அளிக்கிறது. பயனர் கட்டணத்திலிருந்தோ அபராதத்திலிருந்தோ இக்கணக்குக்குத் தொகை மாற்றக் கூடாது. வரவு செலவு ஆண்டுதோறும் அக்டோபர் 2 கிராம சபையில் படிக்கப்பட வேண்டும்."

யாருக்கு, எந்தப் படிப்புக்கு?

முதல் உரிமை தூய்மைக் காவலர்களின் பிள்ளைகளுக்கு. ஆனால் அதற்கு முன், அரசு தருவதை அவர்கள் வாங்கிவிட்டார்களா என்று பாருங்கள். துப்புரவு சார்ந்த தொழில் செய்வோரின் குழந்தைகளுக்குப் பத்தாம் வகுப்புவரை மத்திய அரசின் உதவித்தொகை 1977-78 முதல் இருக்கிறது. இதற்கு வருமான வரம்பு இல்லை. தலைமையாசிரியருக்குத் தெரியாமலேயே பல பிள்ளைகள் இதைத் தவறவிடுகிறார்கள். தூய்மைப் பணியாளர் நல வாரியத்தில் பெற்றோர் பதிந்திருந்தால் அங்கும் கல்வி உதவி கேட்கலாம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வரும். ஒரு விண்ணப்பத்தில் கிடைக்கிற பணத்துக்கு உங்கள் இரண்டு இடங்களில் ஒன்றைச் செலவழிக்காதீர்கள்.

படிப்பு என்றதும் 'சுற்றுச்சூழல் அறிவியல்' என்ற பட்டத்தை மட்டும் எழுதிவைத்தால் விண்ணப்பமே வராது. பட்டியலை அகலமாக்குங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் ஆற்றல் மற்றும் சுற்றுச்சூழல் பொறியியல் பி.டெக். இருக்கிறது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் பி.எஸ்சி. வனவியல் இருக்கிறது. பக்கத்துக் கல்லூரியின் நுண்ணுயிரியல், தாவரவியல், வேதியியல்கூடப் பொருந்தும். என்னைக் கேட்டால், காந்திகிராமத்தில் கற்பிக்கும் சுகாதார ஆய்வாளர் பட்டயப் படிப்பை முதலில் எழுதுவேன். அம்மா தெருவில் வண்டி தள்ளுகிற இடத்தில், அந்த வண்டியை மேற்பார்க்கும் வேலைக்குப் பிள்ளையைக் கொண்டுபோகும் படிப்பு அது.

எந்தச் செலவுக்குக் கொடுக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியலோ வேளாண்மையோ சேர்ந்தவருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அவருக்குத் தேவை மடிக்கணினி, களப்பயணச் செலவு, லீவுக்கு ஊர் வந்துபோகப் பேருந்துக் காசு. அந்த ஒதுக்கீட்டில் வராத கலைக் கல்லூரி மாணவிக்குத் தேவை பருவக் கட்டணம். ஆகவே "கட்டணத்துக்காக" என்று விதியில் எழுதாமல் "படிப்புச் செலவுக்காக" என்று எழுதுங்கள். தொகையை ஜூலையிலும் டிசம்பரிலும் இரண்டு தவணையாக மாணவர் பெயரிலுள்ள கணக்குக்கு அனுப்புங்கள். கல்லூரி கட்டணம் கேட்கும் மாதத்துக்குப் பிறகு வரும் உதவித்தொகை வட்டிக்காரருக்குத்தான் போகும்.

தேர்வுக் குழுவில் இருப்பவரின் உறவினர் விண்ணப்பித்தால், அந்த ஆண்டு அவர் குழுவிலிருந்து விலகியிருக்க வேண்டும். மதிப்பெண்ணுக்குப் பெரிய எடை கொடுக்காதீர்கள். நல்ல மதிப்பெண் எடுத்தவருக்குக் கொடுக்க வேறு பலர் இருக்கிறார்கள். பதாகையில் பயனாளியின் படத்தைப் போட்டு "தூய்மைக் காவலர் மகள்" என்று எழுதவே கூடாது. அந்தப் பெண் அதே தெருவழியாகத்தான் தினமும் பேருந்துக்கு நடக்க வேண்டும். பெரிய அட்டைக் காசோலையும் வேண்டாம்.

பதிலுக்கு ஏதாவது கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் படிப்போடு ஒட்டியதாக. கோடை விடுமுறையில் ஒரு வாரம் கொட்டகை எடை நோட்டைக் கணினியில் ஏற்றி, எந்தத் தெருவில் பிரிக்காமல் வருகிறது, எந்த மாதம் விலை விழுந்தது என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். ஊருக்கும் அது வேண்டும், மாணவரின் கல்லூரிச் செயல்திட்டத்துக்கும் உதவும்.

நடுவில் படிப்பை நிறுத்துபவர் இருப்பார். கல்யாணம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தாள்கள் பாக்கி என்று எதுவாகவும் இருக்கலாம். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். கேட்டாலும் வராது, கேட்டது மட்டும் நிற்கும். ஒரு பருவம் இடத்தைக் காலியாக வைத்திருங்கள். அதற்குள் திரும்பிச் சேர்ந்தால் அவருக்கே தொடரட்டும். இல்லையென்றால் காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவருக்குக் கொடுத்து, மாற்றத்தைத் தேதியோடு கூட்டமைப்பின் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.